பொன்மலையில் முட்டை தேடிய ஈஸ்டர் காலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் பாதி தாண்டிவிட்டால் போதும், எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். தம்பி பிள்ளைகள் கேட்பார்கள், பங்குக் கோவிலில் மறைக்கல்வி எடுக்கும் இளம்பெண்கள் கேட்பார்கள், அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் போன் செய்வார்கள். நான் வளர்ந்தது திருச்சி பொன்மலையில், ரயில்வே குவார்ட்டர்ஸில். 1970களில் எங்கள் வரிசையில் ஈஸ்டர் காலையில் பெரியவர்கள் ஒளித்து வைத்த வண்ண முட்டைகளைப் பிள்ளைகள் தேடினோம். தமிழ்க் கத்தோலிக்க வீட்டில் இது எப்படி வந்தது என்பதுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

பொன்மலையில் ஈஸ்டர் முட்டையா? யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பக்கத்து வீட்டு ஆண்ட்டி. ஆங்கிலோ இந்தியர். அவருடைய கணவர் ரயில் டிரைவர், எங்கள் அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தென்னிந்திய ரயில்வே தன் ஒர்க்‌ஷாப்பை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928-ல். அதைச் சுற்றி எழுந்த காலனியில் தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தோம். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு பற்றும்.

எங்கள் வீட்டுக்கும் ஆண்ட்டி வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். அம்மா அவரை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவார். அந்த மதில்மேல் எங்கள் வீட்டு மீன்குழம்பு அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து ‘பால் கறி’ என்ற கறி உருண்டைக் குழம்பும் மஞ்சள் சோறும் இந்தப் பக்கம் வரும். ஈஸ்டர் முட்டையும் முதலில் அந்த மதில்மேல்தான் வந்தது.

அதற்கு முன் உங்கள் வீட்டில் ஈஸ்டர் எப்படி நடக்கும்?

அம்மாவின் ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக் கிராமம். அவர் வாயில் ‘ஈஸ்டர்’ என்ற சொல்லே வராது, ‘பாஸ்கு’ என்றுதான் சொல்வார். பாஸ்கு என்றால் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனிலேயே தொடங்கிவிட வேண்டும். நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. வெள்ளிக்கிழமை பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள், அதாவது ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பூ வைக்க மாட்டார்கள், சினிமா கிடையாது. கடற்கரையில் பிறந்த பெண்ணுக்கு நாற்பது நாள் மீன் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் சிலுவை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகுவார். மறுவருடச் சாம்பல் புதனுக்கு அந்தக் காய்ந்த ஓலைகளைத்தான் கோவிலில் வாங்கி எரித்துச் சாம்பல் எடுப்பார்கள். பெரிய வியாழன் பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடும்போது அடிக்கிற மணி அதோடு நின்றுவிடும். அப்புறம் சனி இரவுவரை மணிச் சத்தமே கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்தக் கட்டைச் சத்தம் எனக்கு இன்றைக்கும் வயிற்றில் என்னவோ செய்யும். பெரிய வெள்ளியில் சிலுவைப்பாதை, இறந்த ஆண்டவர் சுரூபத்தைப் பாடையில் கிடத்தித் தூக்கிப் போகும் ஆசந்தி, கோவில் வாசலில் கஞ்சி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். ஆண்ட்டி வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரியாது, மேலே சிலுவை போட்ட பன் மட்டும்தான்.

சனி இரவுப் பூசையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முட்டை தேடுவதன் சுவை அங்கேதான் தொடங்குகிறது. கோவில் முழுக்க இருட்டு. வெளியே புது நெருப்பு மூட்டிப் பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியைக் கொளுத்துவார்கள். திரியில் அந்த வருடத்தின் எண்ணும், முதலும் முடிவும் என்ற பொருளில் ‘அகரமும் னகரமும்’ என்பதற்கான குறியும், சாம்பிராணி மணிகள் ஐந்தும் இருக்கும். அந்த ஒரு திரியிலிருந்து சுடர் கைக்குக் கை மாறிக் கோவில் முழுவதும் பரவும். சொட்டுகிற மெழுகு விரல் இடுக்கில் விழுந்து சுடும், கையை உதறினால் முன்னால் நிற்பவர் சேலையில் பட்டுவிடும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். வாசகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்போது தம்பி என் மடியில் தூங்கிவிடுவான். திடீரென்று ‘உன்னதங்களிலே’ தொடங்கும். எல்லா விளக்கும் எரியும், மூன்று நாள் வாய் மூடிக் கிடந்த மணிகள் மொத்தமாக முழங்கும், திரை விழும், கல்லறையிலிருந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் கையில் கொடியோடு மேலே எழும், வெளியே வெடிச் சத்தம். தம்பி அலறிக்கொண்டு எழுந்திருப்பான். வருடா வருடம் இதேதான்.

வீட்டுக்கு வந்து சேர இரவு மணி ஒன்றரை ஆகிவிடும். விடிந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். எங்கள் பாஸ்கு அதோடு முடிந்தது, ஆண்ட்டி அந்த மதிலைத் தாண்டி எங்களைக் கூப்பிடும் வரை.

முதல் தேடல் நினைவிருக்கிறதா?

எனக்கு ஏழு வயது. ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். ஆண்ட்டி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, அக்காவையும் என்னையும் தம்பியையும் அனுப்பச் சொன்னார். ஆளுக்கொரு சின்ன மூங்கில் கூடை, உள்ளே பழைய தாளைக் கிழித்துப் பரப்பி இருந்தது. அக்காவுக்கு மஞ்சள் முட்டை, எனக்குச் சிவப்பு, தம்பிக்கு வெள்ளை. வேறு நிறத்தைக் கண்ணால் பார்த்தாலும் தொடக் கூடாது, யாருக்கும் காட்டிக் கொடுக்கவும் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

கொய்யா மரக் கவட்டையில் ஒன்று இருந்தது. குழாயடியில் கவிழ்த்து வைத்த வாளிக்குள் ஒன்று. அங்கிளின் டியூட்டி பூட்ஸுக்குள் ஒன்று. அந்த பூட்ஸில் கரியும் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். கையை விட்டு, விரல் நுனியில் வழவழப்பாக, குளிர்ச்சியாக முட்டை தட்டுப்பட்டதும் நான் போட்ட சத்தத்தில் அங்கிள் எழுந்து வந்துவிட்டார். நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்திருந்தார். அவர் திட்டவில்லை, இன்னொரு பூட்ஸையும் எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.

உங்கள் அம்மா ஒத்துக்கொண்டாரா?

முதல் வருடம் இல்லை. “முட்டையத் திங்கத்தான குடுப்பாவ, ஒளிச்சா வைப்பாவ?” என்றார். சாப்பாட்டுப் பொருளை விளையாட்டுச் சாமானாக்குவது அவருக்குப் பிடிக்காது. மாதக் கடைசியில் ஒரு முட்டையை ஆம்லெட் போட்டு மூன்றாக அறுத்துக் கொடுத்த வீடு எங்களுடையது. அதில் நியாயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். கூடையில் இருந்த முட்டையெல்லாம் அன்று மதியமே குழம்பில் விழுந்தன. எதுவும் வீணாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அம்மா சமாதானம் ஆனார்.

ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? பைபிளில் இருக்கிறதா?

பைபிளில் இல்லை. காரணம் அடுப்படியில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க இறைச்சியோடு பாலும் முட்டையும் விலக்கு. மனிதர்கள் ஒருசந்தி இருந்தாலும் கோழி முட்டையிடுவதை நிறுத்தாதே! குளிர் முடிந்து வெயில் ஏறும் பருவத்தில் கோழிகள் இன்னும் அதிகமாகவே முட்டையிடும். நாற்பது நாளில் கூடை கூடையாகச் சேர்ந்த முட்டையை ஈஸ்டர் அன்று ஆசீர்வதித்து, சாயம் போட்டு, பகிர்ந்து தின்றார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290-ஆம் வருட அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்கு 450 முட்டை வாங்க 18 பென்ஸ் செலவு என்று ஒரு வரி இருக்கிறது. தங்கத் தாள் ஒட்டியும் சாயம் போட்டும் கொடுப்பதற்காக வாங்கியவை அவை.

மூடிய ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வருவதைக் கல்லறையோடு ஒப்பிட்ட விளக்கமும் பழையதுதான். கிரேக்கர்கள் முட்டைக்குச் சிவப்பு ஒன்றைத்தான் போடுவார்கள், அது கிறிஸ்துவின் இரத்தம். ஆனால் நாற்பது நாள் முட்டை தொடாமல் இருந்துவிட்டு ஓட்டை உடைத்து உப்பும் மிளகும் தூவி வாயில் வைத்தவர்களுக்கு எந்த விளக்கமும் வேண்டாம். தவக்காலத்தை விட்டுவிட்டு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும் என்பது என் கருத்து.

ஒளித்து வைப்பது எங்கிருந்து வந்தது? முயல் ஏன்?

ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளிலிருந்து. ஈஸ்டர் முயல் முட்டையைத் தோட்டத்தில் ஒளித்து வைக்கும், பிள்ளைகள் தேடி எடுப்பார்கள் என்று ஜெர்மன் மருத்துவர் கியோர்க் ஃப்ராங்க் ஃபான் ஃப்ராங்கெனவ் 1682-லேயே எழுதியிருக்கிறார். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்து அரண்மனைக்குள்ளும் அது ஜெர்மன் வழியாகத்தான் நுழைந்தது. அரசி விக்டோரியா சிறுமியாக இருந்தபோது, ஜெர்மனியில் பிறந்த அவருடைய தாயார் முட்டைக்கு வண்ணம் தீட்டி ஒளித்து வைக்க, தாங்கள் தேடியதாக 1833-இல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் வேர் பிடித்த வழக்கம் ரயில் ஓட்ட வந்தவர்களின் வீடுகள் வழியாகப் பொன்மலை வரைக்கும் வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் கதையில் முயல் கிடையாது. பெரிய வியாழனோடு மணிகள் ஊமையாவது ஏன் தெரியுமா, அவை ரோமுக்குப் பறந்து போய்விடுகின்றன, திரும்பி வரும்போது வழியெல்லாம் முட்டை போட்டுக்கொண்டு வருகின்றன என்பார்கள். மரக்கட்டைச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு முயலைவிட இந்த மணிக் கதைதான் நெருக்கம்.

‘ஈஸ்டர்’ என்பது வேறு ஏதோ தெய்வத்தின் பெயர் என்கிறார்களே?

எட்டாம் நூற்றாண்டில் பீட் என்ற ஆங்கிலத் துறவி, ‘ஈயோஸ்ட்ரே’ என்ற பெண் தெய்வத்தின் பெயரிலிருந்து அந்த மாதத்துக்குப் பெயர் வந்தது என்று எழுதினார். அதற்கு முந்தைய நேரடிச் சான்று எதுவும் இல்லை. அதோடு அந்தப் பெயர் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஒருசில மொழிகளில்தான் உண்டு. மற்ற பல மொழிகளில் யூதர்களின் ‘பெசாக்’ பண்டிகையிலிருந்து வந்த பெயர்தான். அம்மா சொல்லும் ‘பாஸ்கு’ அந்த வழியில் வந்தது.

தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது?

மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-க்குப் பின்னாலும் போகாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும், சில வருடம் சித்ரா பௌர்ணமியை ஒட்டி. அப்பா காலண்டரைப் பார்க்காமல் மொட்டை மாடியில் நிலாவைப் பார்த்தே, “வர்ற ஞாயிறு இல்ல, அதுக்கடுத்த ஞாயிறு” என்று சொல்லிவிடுவார்.

சாக்லேட் முட்டை கிடைத்ததா?

இல்லை. இங்கிலாந்தில் ஃபிரை கம்பெனி 1873-லேயே சாக்லேட் முட்டை போட்டுவிட்டது என்பார்கள், ஆனால் ஏப்ரல் மாதத் திருச்சி வெயிலில் சாக்லேட் எங்கே நிற்கும்? எங்களுக்கு மார்சிபான்தான், பாதாமையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்துச் செய்யும் இனிப்பு. நாங்கள் பாதாமுக்குப் பதிலாக முந்திரி போடுவோம்.

ஆண்ட்டி செய்த விதம்: முந்திரி கால் கிலோவை ஈரமில்லாமல் மைய அரைக்க வேண்டும். பொடித்த சர்க்கரை கால் கிலோ, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, பன்னீர் இரண்டு ஸ்பூன். எல்லாவற்றையும் அடி கனமான சட்டியில் போட்டுச் சின்னத் தீயில் கிளற வேண்டும். சட்டியில் ஒட்டாமல் உருண்டு வந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைய வேண்டும். பிறகு தகர அச்சில் பாதிப் பாதியாக அழுத்தி எடுத்து, இரண்டு பாதியையும் வெள்ளைக்கரு தடவி ஒட்டினால் முட்டை தயார். ஒட்டிய கோட்டை மறைக்க வெள்ளைச் சர்க்கரைப் பாகில் பூ வரைந்து, எங்கள் பெயரையும் எழுதுவார். பிசைவது மட்டும் அக்காவின் வேலை. அன்றைக்கு முழுக்க அக்கா கையில் பன்னீர் வாசனை இருக்கும்.

முட்டைக்கு நிறம் எதில் போட்டார்கள்?

மஞ்சள் தூளில் மஞ்சள், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பு, சங்குப்பூவில் நீலம். எல்லாவற்றிலும் ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்தால்தான் ஓட்டில் நிறம் பிடிக்கும். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை எடுத்துக்கொண்டு போய்த் தம்பி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டான். தின்னும் பொருளில் அதைப் போடவே கூடாது.

எனக்குப் பிடித்தது வெங்காயத் தோல். பெரிய வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை இரண்டு கை நிறைய எடுத்து இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே முட்டையை வேகவைத்தால் செங்கல் நிறம் வரும். வேகவைக்கும் முன் முட்டையை நனைத்து ஒரு கொத்தமல்லி இலையை விரித்து ஒட்டி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஆறியதும் பிரித்தால் இலை இருந்த இடம் மட்டும் வெளுத்து, நரம்புகூடத் தெளிவாகத் தெரியும். அந்தத் துணியைப் பிரிக்கும் நிமிடத்துக்காகவே இதைச் செய்யலாம்.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம்?

நம் ஊர் வெயிலில் அவித்த முட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. விடியற்காலையில் ஒளித்து, பிள்ளைகளை உடனே எழுப்பிவிடுங்கள். விரிசல் விட்டதையும் மண்ணில் விழுந்து உடைந்ததையும் தின்னக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒளித்த இடத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்ட்டி கோடு போட்ட நோட்டில் எண் போட்டு எழுதுவார். ஒரு வருடம் எழுதாமல் விட்டதால் மார்சிபான் முட்டை ஒன்று கடைசிவரை கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் எறும்பு வரிசை ஒன்று ஜன்னலில் ஏறி, மாடத்தில் இருந்த அரிக்கேன் விளக்குக்குப் பின்னால் போவதைத் தம்பிதான் பார்த்தான். பாதி முட்டை தீர்ந்திருந்தது, மீதியில் அவன் பெயரின் கடைசி எழுத்து மட்டும் இருந்தது.

கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் வரலாமா?

தாராளமாக. எங்கள் வரிசையில் தேடியவர்களில் பாதிப் பேர் கோவிலுக்கே வராத பிள்ளைகள்தான். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். மார்சிபானிலும் வெள்ளைக்கரு இருக்குமே, அவளுக்கென்று மஞ்சள் தாளில் சுற்றிய கடலை உருண்டை ஒளித்து வைப்பார் ஆண்ட்டி. நீங்களும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், ஒரு குழந்தையும் வெறுங்கூடையோடு நிற்கக் கூடாது.

ஆண்ட்டி இப்போது எங்கே?

1979-ல் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள், பெர்த் நகரத்துக்கு. அந்த வருடங்களில் காலனியில் மாதத்துக்கு ஒரு வீடாவது காலியாகும். தகர அச்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருவது அவருக்குப் பழகவே இல்லை என்று கடிதத்தில் எழுதுவார். பின்னாளில் அவர் அனுப்பிய ஒரு வாழ்த்து அட்டையில் முயலுக்குப் பதில் நீளக் காதும் கூர்மூக்கும் கொண்ட வேறொரு பிராணி இருந்தது. பில்பி. முயல்கள் பெருகி அந்த நாட்டுக் காடுகளை அழித்ததால், அழிந்துவரும் பில்பியை ஈஸ்டர் பிராணியாக ஆக்கியிருக்கிறார்கள். அந்த அட்டை அம்மாவின் பைபிளுக்குள் இருக்கிறது.

அவர் போன பிறகு தேடல் நின்றுவிட்டதா?

நின்றுவிடும் என்றுதான் நினைத்தோம். 1980 ஈஸ்டர், பூசை முடிந்து வந்து படுத்தோம். காலையில் எழுந்தால் அடுப்படியில் குழம்பு வாசனை இல்லை. அம்மா கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்திருந்தார், சேலை முந்தானையில் ஈரம், விரலெல்லாம் செங்கல் நிறம். “போய்ப் பாருங்கல, மரத்துல என்னமோ இருக்கு” என்றார். மூன்று கூடையும் திண்ணையில் இருந்தன. எல்லா முட்டையும் வெங்காயத் தோல் நிறம். ஆளுக்கொரு நிறம் போட அவருக்குத் தெரியவில்லை, அதற்குப் பதிலாக அக்காவுக்குக் கொத்தமல்லி இலை, எனக்குப் புளிய இலை, தம்பிக்கு இலை இல்லாதது.

எவ்வளவு நேரத்துக்கு எழுந்தார் என்று கேட்டோம். சொல்லவில்லை. அப்பாதான் பிறகு சொன்னார், படுக்கவே இல்லை என்று.

இப்போதும் உங்கள் வீட்டில் உண்டா?

உண்டு. அப்பா இல்லை. அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. ஊன்றுகோல் பிடித்துத்தான் நடப்பார். பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால், இரண்டு வருடமாக அவர்கள்தான் ஒளிக்கிறார்கள், தேடுவது அம்மா. குனியவும் எட்டவும் தேவையில்லாத உயரத்தில் வைப்பார்கள்: ஜன்னல் திட்டு, துளசிச் செடித் தொட்டி, நாற்காலி மெத்தைக்கு அடியில். அம்மா கூடை வாங்க மாட்டார், முந்தானையை மடித்து அதில் போட்டுக்கொள்வார்.

போன ஈஸ்டரில் பன்னிரண்டு வைத்தார்கள். அம்மா எடுத்து முடித்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி, “பதினொண்ணுதான இருக்கு” என்றார். தம்பி மகள் நோட்டைப் புரட்டினாள். அதற்குள் அம்மா ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, வாசலில் கழற்றி வைத்திருந்த தம்பியின் ஷூவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.